இங்கேயே வாழ்ந்தவர்களிடம் கேட்கப்பட்ட ஆதாரம்

 

பிரஜாவுரிமைச் சட்டம் என்றதும் அது மலையகத் தோட்டத் தொழிலாளரின் கதை மட்டுமே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சட்டத்தின் முன் விண்ணப்பத்தோடு நின்றவர்களில் நமது பள்ளிவாசல்களில் நம்மோடு ஸஃப்பில் நின்று தொழுதவர்களும் இருந்தார்கள். அவர்களை ‘சம்மான்காரர்’ என்று அழைத்தோம். அரசாங்கத்தின் பதிவில் அவர்கள் ‘இந்தியச் சோனகர்’.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களிலிருந்து வந்து கொழும்புப் புறக்கோட்டையிலும் கண்டியிலும் கம்பளையிலும் தோட்டங்களை அண்டிய சிறு நகரங்களிலும் கடை போட்டவர்கள் இவர்கள். 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடிக்கப்பட்ட புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளி, அதாவது சம்மாங்கோட்டுப் பள்ளி, அவர்களின் முயற்சியால் எழுந்தது. 1915 கலவரத்தில் முதலில் அடிபட்டவையும் பெரும்பாலும் அவர்களின் கடைகள்தான். 1946 குடிசன மதிப்பீட்டில் இந்தியச் சோனகர் 35 ஆயிரத்துக்கும் அதிகம்.

1948 நவம்பர் 15இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி, அதற்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் என்பது மட்டும் ஒருவருக்குப் போதாது. அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் கடினம்: தந்தையும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும்.

இது சம்மான்காரரை எப்படித் தாக்கியது என்று பாருங்கள். அவர்களின் வழக்கப்படி வியாபாரம் இங்கே, குடும்பம் அங்கே. மனைவி கரையோர ஊரில் தாய் வீட்டோடு இருப்பார். பிள்ளை அங்கே பிறந்து, வளர்ந்ததும் வாப்பாவின் கடைக்கு வந்துசேரும். பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே கடையில் இருந்தும், மூவரில் ஒருவரும் இலங்கையில் பிறக்காமலிருக்கலாம். சட்டத்தின் பார்வையில் அவர்கள் மூவரும் அந்நியர்.

ஏற்கெனவே இங்கே வாழ்பவர்களுக்கென்று 1949இல் ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம்’ கொண்டுவரப்பட்டது. விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பிக்கும் நாள் வரையும் அந்த வதிவு முறிந்திருக்கக் கூடாது. ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. நிலையான வருமானத்தைக் காட்ட வேண்டும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும்கூட இங்கேயே வசித்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சம்மான்காரர் பலர் விழுந்தார்கள். ஊருக்குப் போய், கலியாணம் முடித்து, வீட்டு வேலை பார்த்து, ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பியவருக்குத் தொடர்ச்சி இல்லை. இருபது வருடம் கடையை விட்டு நகராதவருக்கோ மனைவி இங்கே இல்லை.

தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு விதமானது. அவருடைய குடும்பம் முழுவதும் இங்கேதான் இருந்தது. ஆனால் அதை நிரூபிக்கும் கடதாசி அவர் கையில் இல்லை. செக்ரோல் துரையின் அலுவலகத்தில் இருந்தது. பல பிறப்புகள் பதியப்படவே இல்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்துப் பின்னர் விண்ணப்பிக்கும்படி சொன்னதால் கடைசிக் கட்டத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் அதிகம். பல வருட விசாரணைக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்தான்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? வியாபாரிகளில் பலர் தற்காலிக வதிவிட அனுமதியில் காலத்தை ஓட்டினார்கள். அது நீடிக்கப்படாதபோது கடையை விட்டுக் கப்பலேறினார்கள். தோட்ட மக்களின் தலைவிதியை 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களால் பிரித்தது: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தீர்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் பிரஜைகளாக ஏற்கப்பட்டார்கள். இங்கே வாழ்ந்ததே உரிமைக்கு அடிப்படை என்று ஒப்புக்கொள்ள 55 வருடங்கள் எடுத்தன.

இதில் நாம் பேசத் தயங்கும் ஒரு விடயமும் உண்டு. 1948 சட்டத்தைக் கொண்டுவந்த டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் நாம் பெருமையோடு நினைவுகூரும் டி.பி. ஜாயா தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்தார். இலங்கைச் சோனகர் வேறு, இந்தியச் சோனகர் வேறு என்ற பிரிப்பு நமக்கு அன்று பாதுகாப்பாகத் தெரிந்தது. யாரையும் இப்போது குற்றம் சொல்வது நமது நோக்கமல்ல. ஆனால் “எத்தனை தலைமுறைக்கு ஆதாரம் இருக்கிறது?” என்ற கேள்வி பக்கத்து வீட்டில் கேட்கப்படும்போது நாம் மௌனமாக இருந்தால், அதே கேள்வி நமது வாசலுக்கு வரும்போது நமக்காகப் பேச யார் இருப்பார்கள்?

இன்னொன்று நமது கையில் இருக்கும் வேலை. நமது உம்மம்மாமாரின் கடுத்தங்கள், பழைய பிறப்புப் பதிவுகள், பாடசாலைச் சேர்வு இடாப்புகள், பள்ளிவாசல் ஜமாஅத் புத்தகங்கள் இன்று கறையான் தின்னும் அலுமாரிகளில் கிடக்கின்றன. ஒரு பிள்ளை இன்ன வருடம் முதலாம் வகுப்பில் சேர்ந்தது என்ற ஒற்றை வரி, அந்தக் குடும்பம் அந்த வருடம் இந்த ஊரில் வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி. 1951இல் அப்படியொரு வரி கிடைக்காமல் போனவர்கள் நாட்டையே இழந்தார்கள்.

உங்கள் வீட்டிலோ பள்ளிவாசலிலோ அப்படிப் பழைய பதிவுகள் இருந்தால் தொலைபேசியிலாவது படம் எடுத்து வையுங்கள். சம்மான்காரக் குடும்பங்களைப் பற்றி மூத்தவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிவையுங்கள். யாருக்கும் சங்கடம் இல்லாதவற்றைக் கீழே கருத்துகளில் பகிருங்கள். நமது பிள்ளைகளுக்குப் பாடமாகட்டும்.