படகில் ஆம்ப்ளிஃபையர்: வயரிங்கும் எர்த்தும்

படகில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் பொருத்துவது என்றால், பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் கொண்டுபோய், அதைத் திரும்பவும் பேட்டரிக்கே கொண்டுவந்து சேர்ப்பது. சிக்கல் எல்லாம் இந்தத் திரும்பும் வழியில்தான். லாரியிலும் காரிலும் பாசிட்டிவுக்கு ஒரு வயர் போதும். நெகட்டிவை வண்டியின் இரும்பில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ‘பாடி எர்த்’ என்பது இதைத்தான். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும், சிதம்பரத்தை அடுத்த முடசல் ஓடை, அன்னங்கோயில் இறங்குதளங்களிலும் நிற்கும் படகுகளுக்கு இது ஒத்துவராது. மரமும் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தாது. இரும்பு கடத்தும், ஆனால் அது உப்புத் தண்ணீரில் நிற்கிறது. அதனால் எந்தப் படகானாலும் விதி ஒன்றுதான்: ஒவ்வொரு கருவிக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர். படகின் உடம்பு கருவிகளின் மின்னோட்டத்தைச் சுமக்கவே கூடாது.

வரலாறு

இந்த விதிக்குப் பின்னால் உள்ள அறிவு, படகில் மின்சாரம் ஏறுவதற்கு முன்பே, அடித்தளத்து ஆணிகளிலிருந்து வந்தது. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைத் தடுக்க பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது புழு அண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் கிழிபடாமல் இடையில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் முழுசாக இருந்தன. உப்புநீரில் நனைந்த இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் அவற்றில் எளிதில் அரிபடுவது கரையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் காரணம் விளங்க, 1800-இல் வோல்ட்டா தன் மின்கலத்தைக் காட்டும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் தெரியாமலே கடற்படை செம்பு அடிப்பதைத் தொடர்ந்தது. 1780களின் தொடக்கத்திற்குள் அதன் போர்க்கப்பல்களில் பெரும்பாலானவை செம்புத் தகடு போட்டவையாகிவிட்டன. 

அந்தச் செம்பும் கடல்நீரில் மெல்லக் கரைந்தது; அதற்குத் தீர்வு சொன்னவர் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. 1824-இல் அவர் சோதனைக்குத் தேர்ந்த கப்பல்களில் ஒன்று ‘சமராங்’. கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, இந்தியாவிலேயே செம்பு அடிக்கப்பட்ட கப்பல் அது. செம்புப் பரப்பில் ஏறக்குறைய 80-இல் ஒரு பங்கு அளவுக்கு வார்ப்பிரும்புக் கட்டிகளை அதில் பொருத்தினார். இரும்பு தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காப்பாற்றியது. ஆனால் கரையாத செம்பில் நஞ்சு கசியவில்லை; இப்படிக் காக்கப்பட்ட கப்பல்களில் பாசியும் கொட்டலசும் ஏறின; கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. டேவியின் கணக்கு சரி, கடல் உயிர்கள் அதில் இடம்பெறவில்லை, அவ்வளவுதான். இன்று விசைப்படகின் சுக்கான் அருகே போல்ட் போட்டிருக்கும் துத்தநாகக் கட்டி அதே கருத்தின் வாரிசு.

தமிழ்நாட்டில் உலோக அரிப்பு ஆய்வின் தாய்வீடு காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது. கடல் காற்றில் உலோகம் எப்படி அரிபடுகிறது என்பதை அது மண்டபம் கடற்கரையில் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறது.

கட்டுமரத்தில் மின்சாரத்திற்கு வேலை இல்லை. 1950களில் பாப்லோ வகை விசைப்படகுகள் வந்தபின் இன்ஜினும், நாளடைவில் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் வந்தன. 2004 சுனாமிக்குப் பின் கடலூர்க் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின.

இணைப்பு

ஆம்ப்ளிஃபையரின் பாசிட்டிவ் வயர் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வர வேண்டும். பியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பக்கம். அமெரிக்கப் படகுத் தரம் அதை ஏழு அங்குலத்திற்குள், அதாவது சுமார் 18 செ.மீ.க்குள் வைக்கச் சொல்கிறது. ஆம்ப்ளிஃபையரின் பக்கம் மட்டும் வைத்த பியூஸ், இடையில் தேய்ந்துபோன வயர் பற்றிக்கொள்ளும்போது உதவாது.

வயரின் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. 20 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் செம்பு. 4 சதுர மி.மீ. வயரில் அங்கே 0.86 வோல்ட் தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் இது 7 சதவீதம். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் கடலுக்கு ஏற்றது. சாதா வயரை வெட்டிப் பார்த்தால் நுனி பச்சை பிடித்திருக்கும்; உறையை உரித்தால் ஓர் அங்குலம் உள்ளேயும் செம்பு கறுத்திருக்கும். உப்பு, இழைகளின் இடுக்கு வழியே திரிபோல் ஏறுகிறது. லக் அழுத்திய இடத்தில் ஒட்டும் உறை சுருக்கிவிட்டால் இது நின்றுவிடும்.

நெகட்டிவ் வயர்கள் எல்லாம் ஒரே செம்புப் பட்டையில் கூடி, அங்கிருந்து ஒரே கனத்த வயராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். செல்ஃப் மோட்டாருக்காக இன்ஜினின் உடல் பேட்டரியோடு சேர்வது தவிர்க்க முடியாதது. அதுவும் ஓரிடத்தில் மட்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று ஆம்ப்ளிஃபையரின் நெகட்டிவை இன்ஜின் போல்ட்டில் கட்டுவது பரவலான, தவறான பழக்கம்.

அதன் விளைவு காதில் தெரியும். வீல்ஹவுஸில் ரேடியோவின் நெகட்டிவ் ஓர் இடத்திலும், ஆம்ப்ளிஃபையரின் நெகட்டிவ் இன்ஜினிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலான சில மில்லிவோல்ட் வித்தியாசம் சிக்னல் கேபிளின் உறை வழியே ஓடும். ஆம்ப்ளிஃபையருக்கு அதுவும் பாட்டுதான், பெருக்கிக் காட்டிவிடும். 12 துருவ மூன்று கட்ட ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றில் 36 சிற்றலை எழுப்பும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 1,800 ஹெர்ட்ஸ் விசில். இன்ஜின் வேகம் கூட்டினால் விசிலும் ஏறும், அதுவே நோய்க்குறி. இரண்டு நெகட்டிவையும் பட்டையில் சேர்த்தால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஸ்பீக்கரின் மைனஸை மட்டும் எர்த்தில் தொடவே கூடாது: பல ஆம்ப்ளிஃபையர்களில் அதிலும் வோல்டேஜ் உண்டு, அவுட்புட் எரிந்துவிடும்.

இரைச்சல் கேளிக்கையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, ரேடியோவில் வரும் அறிவிப்பையும் கெடுக்கும். 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 16-ஆம் அலைவரிசைதான் கடலில் ஆபத்துக் குரலுக்கு உரியது. 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி வானிலைச் செய்தி தருகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்ததை அனுபவித்த கரைக்கு, மங்கலில்லாத அறிவிப்பு உயிர்ப் பிரச்சினை. ஸ்பீக்கர் காந்தத்தைத் திசைகாட்டிக்கு அருகே வைப்பதும் ஆபத்துதான்; வயர்களின் காந்தப்புலமும் முள்ளைத் திருப்பாமலிருக்க, பவர் வயர்கள் இரண்டையும் முறுக்கியே கொண்டுபோக வேண்டும்.

அரிப்புதான் மறைமுக நஷ்டம். நெகட்டிவ் லூஸ் ஆகி மின்னோட்டம் கடல்நீர் வழி தேடினால், ஒரு ஆம்பியர் ஓராண்டில் சுமார் 9 கிலோ இரும்பைக் கரைக்கும். சாதாரணத் துரு இதற்குப் பக்கத்தில் வராது. எல்லா உலோகங்களையும் ஒரு வயரில் இணைத்துத் துத்தநாகத்தோடு சேர்ப்பதா, தனித்தனியே விடுவதா என்பதில் மரப்படகுகளுக்கு இரண்டாவதே சரி. அதிகத் துத்தநாகம் இணைந்த போல்ட்டைச் சுற்றிக் காரம் சேர்ந்து பலகை நாராகிவிடும். இரும்புப் படகில் இந்தக் கவலை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையேறி நிற்கும்போது இணைப்புகளைச் சோதிப்பது நல்லது.

அண்மைக் காலத்தில் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர்களும் லித்தியம் பேட்டரிகளும் வந்துள்ளன. புளூடூத் வழி பாட்டு அனுப்பினால் சிக்னல் கேபிளே தேவைப்படாததால் இரைச்சலுக்கு ஒரு பாதை குறைகிறது.