சிசுமரண வீழ்ச்சியும் மருத்துவமாதரும்

இலங்கையிற் சிசுமரணம் குறைந்தமைக்கு டி.டி.டி. மருந்தே காரணம் என்னுங் கூற்று நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. புள்ளிவிவரங்களும் முதற்பார்வையில் அதற்கு இடந்தருகின்றன. ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு 1946இல் 141 ஆக இருந்த சிசுமரணம், மருந்து தெளிப்பு விரிவடைந்த 1947இல் 101 ஆக வீழ்ந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயைக் கண்ட தலைமுறையினர், நுளம்பு ஒழிந்ததாற் குழந்தைகள் பிழைத்தன என நம்பியதில் வியப்பில்லை. 1935இல் இவ்வீதம் 263 ஆக இருந்தது.

ஆயின், வீழ்ச்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1930இல் 175 ஆக இருந்த வீதம் 1940இல் 149 ஆயிற்று. மலேரியா அரிதாயிருந்த மாவட்டங்களிலும் போருக்குப் பின்னர் இறப்புக் குறைந்தது. மொத்த இறப்பு வீழ்ச்சியில் மலேரியாத் தடுப்பின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு என நியூமன் கணித்தார். கிறே 1974இல் அதனை நான்கில் ஒன்றளவுக்குக் குறைத்தார்.

பிறந்த சில நாட்களுள் மாண்ட சிசுக்கள் பல, தொப்புட்கொடியைத் தூய்மையற்ற கருவியால் அறுத்தமையால் வந்த ஏற்புவலிக்கு இரையாயின. நுளம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1895இல் கொழும்பில் நிறுவப்பெற்ற சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் இத்தகைய சிசுவுக்குச் செய்யக்கூடியது சொற்பமே. நோய் வருமுன்னரே காக்கும் முறை களுத்துறையில் உருப்பெற்றது. 1926இல் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் அங்கு அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவு, பின்னர் நாடெங்கும் பின்பற்றப்பட்டது. மருத்துவமாது தமக்கு வகுக்கப்பட்ட பகுதியிற் கருப்பவதிகளைப் பதிந்தார். வீடு தேடிச் சென்று பேறு பார்த்தார். பேற்றின் பின்னும் தாயையும் சேயையும் கண்டுவந்தார். சிக்கல் தோன்றின் வைத்தியசாலைக்கு அனுப்பினார். டி.டி.டி.யைப் போன்று ஓராண்டிற் கண்ணுக்குத் தோன்றும் பணியன்று இது. ஆதலாற் போலும் வரலாற்றெழுத்தில் உரிய இடம் பெறவில்லை.

மலையகத் தோட்டங்கள் இதற்கு மறுதலையான சான்றாகும். உயர்நிலத் தேயிலைத் தோட்டங்களில் மலேரியா அரிது. எனினும், நாட்டின் சராசரி விரைந்து தாழ்ந்தபோது தோட்டங்கள் பின்தங்கின. அங்கு மருத்துவம் பெரும்பாலும் கம்பனிகளின் பொறுப்பிலிருந்தது. அரசின் சுகாதாரப் பிரிவுகள் லயன்களுக்குள் முறையாகப் புகவில்லை. 1974இல் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தவிடத்து, தோட்டச் சிசுமரண வீதம் நாட்டுச் சராசரியான 51இன் இருமடங்கையும் கடந்தது. பட்டினியும் இதற்கு நேர்க்காரணமே. மருத்துவமாதர் இன்மையை மட்டும் காட்டுவது மற்றுமொரு டி.டி.டி. கதையாகிவிடும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே, தோட்டச் சுகாதாரம் படிப்படியாகப் பொதுச்சேவையை நெருங்கலாயிற்று.