பணம் போனது, பவர் வீடர் வரவில்லை: எப்போது அது மோசடி வழக்காகும்?

பாதி விலைக்குப் பவர் வீடர் என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டீர்கள். பொருள் வரவில்லை, போனை எடுக்கவும் ஆளில்லை. முதல் வேலையாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எதிராளி பணத்தை எடுப்பதற்குள் தகவல் சென்றால், அந்தத் தொகையை முடக்க வாய்ப்புண்டு. 'நாளைக்கு லாரி வந்துவிடும்' என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தால் அதுவும் போய்விடும்.

தாமதம் மட்டுமே குற்றமாகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. போலி முகவரி, பணம் ஏறியதும் உங்கள் எண்ணை பிளாக் செய்தது, அதே படத்தைக் காட்டி வேறு விவசாயிகளிடமும் வசூலித்தது போன்றவை அதற்குச் சான்றாகும். பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய 420-வது பிரிவுதான். வேறொரு நிறுவனத்தின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் புகாரோடு கொடுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடவும் வேண்டாம், அதுவே சாட்சி.

விற்றவர் உண்மையான கடைக்காரர், அனுப்பாமல் இழுத்தடிக்கிறார் என்றால் போலீஸைவிட 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணே நல்ல வழி. அதிலும் தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.