பெரிய நாளும் பெரிய ஆட்டக்காரரும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால், சாதாரண மக்கள் ஓய்வு நேரத்தில் எதைப் பற்றி வாதாடினார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடி வரும் ஒரு கேள்வியை இன்று நாம் எடுத்துக்கொள்வோம். பேரும் புகழும் பெற்ற ஓர் ஆட்டக்காரர், நெருக்கடி மிகுந்த நேரத்தில் தம் திறமையைக் காட்டுவாரா, அல்லது கை நடுங்கிப் போவாரா என்பதே அந்தக் கேள்வி.

அந்த ஆட்டத்தின் பெயர் பேஸ்பால். பள்ளித் திடலில் பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்ஸ், சாஃப்ட்பால் ஆட்டங்களுக்கு அது நெருங்கிய உறவு. ஒருவர் பந்தை வீசுவார்; எதிரணிக்காரர் உருண்டையான மட்டையால் அதை அடிப்பார். அடித்தவர் மூன்று தளங்களையும் தொட்டுத் தொடங்கிய இடத்திற்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். பந்து திடலின் வேலியைத் தாண்டிப் போனால் அதற்கு ‘ஹோம் ரன்’ என்று பெயர். பந்து மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், அதைச் சரியாக அடிப்பது மிகவும் கடினம். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றியாக அடிப்பவரே அங்கே சிறந்த ஆட்டக்காரர். இதை அவர்கள் ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். ஆயிரத்துக்கு 300 எடுப்பவர் நல்லவர். 340 எடுப்பவர் மிகப் பெரியவர்.

ஒரு பருவத்தில் ஓர் அணி இன்று 162 ஆட்டங்கள் ஆடுகிறது. முன்னர் 154 ஆட்டங்கள் ஆடியது. பருவம் முடிந்ததும் அக்டோபர் மாதத்தில் ‘உலகத் தொடர்’ என்னும் இறுதிப் போட்டி நடைபெறும். அதில் நான்கு ஆட்டங்களை முதலில் வென்ற அணிக்கே கிண்ணம். ஆகவே மிஞ்சிப் போனால் ஏழு ஆட்டங்கள்தாம். ஒழுங்காக ஆடும் ஒருவர் பருவம் முழுவதும் ஐந்நூறு முறைக்கு மேல் மட்டை பிடிப்பார். உலகத் தொடரிலோ இருபது, இருபத்தைந்து முறைதான். இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது பயன்படும்.

குளிர்காலத்தில் பனி கொட்டும்போது பேஸ்பால் கிடையாது. அக்காலத்து ஊர்க் கடைகளில் கணகணவென்று எரியும் இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, போன அக்டோபரைப் பற்றி ஆடவர்கள் வாதாடுவார்கள். அந்தப் பேச்சுக்கே ‘சூடான அடுப்பு லீக்’ என்று செல்லப் பெயர் உண்டு. நம் தோட்டத்துக் காப்பிக் கடைகளில் காற்பந்தைப் பற்றி எழும் பேச்சைக் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது. நெருக்கடியில் வெல்பவரை ‘கிளட்ச்’ ஆட்டக்காரர் என்று அவர்கள் போற்றினார்கள். மோட்டார் சைக்கிளில் நாம் சொல்லும் அதே சொல்தான். இறுகப் பிடித்தல் என்பது அதன் பொருள். தவறியவரைத் தொண்டை அடைத்துப் போனவர் என்று ஏளனம் செய்தார்கள்.

இந்த வாதத்தில் அடிக்கடி அடிபட்ட பெயர் பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ். வாழ்நாள் முழுமைக்கும் ஆயிரத்துக்கு 344 எடுத்தவர் அவர். ஆயினும் அவர் ஆடிய ஒரே உலகத் தொடர், 1946-ஆம் ஆண்டு செயிண்ட் லூயிஸ் அணிக்கு எதிராக நடந்ததுதான். அதில் 25 முறை மட்டை பிடித்து 5 முறைதான் வெற்றியாக அடித்தார். ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. பாஸ்டன் தோற்றது. பெரிய நாளுக்கு ஆகாத ஆள் என்று அவரைச் சிலர் முத்திரை குத்திவிட்டார்கள். அத்தொடருக்குச் சற்று முன் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவருடைய முழங்கையில் பந்து பட்டு வீங்கியிருந்ததைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

இவரே 1941-ஆம் ஆண்டு என்ன செய்தார் என்பதையும் பார்ப்போம். அவ்வாண்டுப் பருவத்தின் கடைசி நாளன்று காலையில் அவருடைய கணக்கு 400-ஐ ஒட்டி நின்றது. ஆடாமல் உட்கார்ந்திருந்தால், பின்னத்தைக் கூட்டி 400 என்றே எழுதியிருப்பார்கள். அவர் உட்காரவில்லை. அன்றைக்கு நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டுக்கு ஆறு அடித்து 406-இல் முடித்தார். அன்று முதல் இன்றுவரை பெரிய லீக் எனப்படும் அந்த இரு லீக்குகளில் எவரும் ஒரு பருவத்தில் 400-ஐ எட்டியதில்லை. அந்த நாளின் நெருக்கடி சிறிதா? ஒரே மனிதர், ஒரு நெருக்கடியில் வென்றார், மற்றொன்றில் தோற்றார். இவரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது?

அடுத்து, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்குச் செல்வோம். உழைப்பாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. அவர்களுடைய அணி டாட்ஜர்ஸ். அதில் முதல் தளக் காவலர் கில் ஹாட்ஜஸ். அடக்கமானவர், உரம் மிக்கவர். 1952-ஆம் ஆண்டுப் பருவத்தில் 32 ஹோம் ரன்கள் அடித்தார். ஆனால் அவ்வாண்டு உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் 21 முறை மட்டை பிடித்தும், ஒரு முறைகூட அவருக்கு வெற்றி கிட்டவில்லை. டாட்ஜர்ஸ் அணி யாங்கீஸ் அணியிடம் தோற்றது. மறு ஆண்டு தொடங்கியும் அவர் கை வரவில்லை.

புரூக்ளின் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவரை ஏசவில்லை. கடிதங்கள் எழுதினார்கள், பரிசுகள் அனுப்பினார்கள். 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்குள்ள தேவாலயப் பாதிரியார் ஒருவர், இந்த வெக்கையில் பிரசங்கம் வேண்டாம், வீட்டுக்குப் போய் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று சபையாரை அனுப்பிவைத்தார். ஹாட்ஜஸ் மெல்ல மீண்டார். அந்தப் பருவத்தை ஆயிரத்துக்கு 302 என்று முடித்தார். அவ்வாண்டு உலகத் தொடரில் 364 எடுத்தார். 1955 அக்டோபர் 4-ஆம் நாள், ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 2-0 என்று வென்று புரூக்ளினுக்குக் கிண்ணத்தைக் கொண்டு வந்தபோது, அந்த இரண்டு ஓட்டங்களும் அவருடைய மட்டையால் விளைந்தவையே. அணி புரூக்ளினில் இருந்த காலத்தில் வென்ற ஒரே கிண்ணம் அதுதான்.

நெருக்கடியில் வென்றவர்களுக்குச் சிகரமாகச் சொல்லப்படுபவர் யாங்கீஸ் அணியின் ரெஜி ஜாக்சன். 1977 அக்டோபர் 18-ஆம் நாள் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், மூன்று வீச்சாளர்கள் அவருக்கு வீசிய முதல் பந்தையே அடுத்தடுத்து வேலிக்கு அப்பால் அனுப்பினார். மூன்று வீச்சு, மூன்று அடி, மூன்று ஹோம் ரன். யாங்கீஸ் கிண்ணத்தை வென்றது. ‘திருவாளர் அக்டோபர்’ என்னும் பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே மாதத்தில், அதற்கு முந்திய சுற்றில் கன்சாஸ் சிட்டி அணிக்கு எதிராக, ஜாக்சன் 16 முறை மட்டை பிடித்து இரண்டே முறைதான் வெற்றியாக அடித்திருந்தார். அச்சுற்றின் கடைசி ஆட்டத்தின் தொடக்கத்தில், அவரை ஆட விடாமல் பயிற்சியாளர் உட்கார வைத்துவிட்டார். இடையே கடந்த நாள்கள் ஒன்பதுதான். ஒன்பது நாளில் ஒருவருடைய நெஞ்சுரம் மாறிவிடுமா?

அந்த 1977-ஆம் ஆண்டிலேயே இந்த வாதம் புதுத் திசையில் திரும்பியது. பேஸ்பால் வரலாற்றை ஆராய்வதற்காக 1971-இல் ஆர்வலர்கள் கூடித் தொடங்கிய ஒரு சங்கத்தின் ஆண்டிதழில், ரிச்சர்ட் கிரேமர் என்னும் இரசாயன அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். நெருக்கடியில் வெல்வது ஒருவருடைய நிலையான குணமானால், இந்த ஆண்டு அக்குணத்தைக் காட்டியவர் அடுத்த ஆண்டும் காட்ட வேண்டுமன்றோ? அவர் 1969, 1970 ஆகிய ஈராண்டுக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓராண்டில் நெருக்கடியில் ஓங்கி நின்றவர்கள் மறு ஆண்டில் அப்படி நிற்கவில்லை. நல்ல ஆட்டக்காரர் எப்போதும் நல்ல ஆட்டக்காரர்தாம். அதற்கு மேல் ‘கிளட்ச்’ என்று தனித்திறமை எதுவும் தென்படவில்லை என்று அவர் முடிவு கூறினார். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

கிரேமரின் முடிவை ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர் பில் ஜேம்ஸ். அவரை நம் நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. கன்சாஸ் மாநிலத்தில், பயறு வகைகளை டின்னில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்த்தவர் அவர். வேலை ஓய்ந்த நேரத்தில் பேஸ்பால் கணக்குகளை ஆராய்ந்து, 1977-இல் சொந்தச் செலவில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் பெரிய அணியொன்றே அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது.

ஜேம்ஸ் 2004-ஆம் ஆண்டு, அதே சங்கத்தின் ஆண்டிதழில், நெடுங்காலமாகத் தாமும் நம்பி வந்த முடிவையே மறுபடி சோதித்தார். மூடுபனியில் நிற்கும் காவலர் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை என்பதால், அங்கே யாருமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பனி அடர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருளாகவும் இருக்கலாம். நெருக்கடியில் வெல்லும் குணம் சிலரிடம் சிறிதளவு இருக்கக்கூடும், ஆனால் நம் கையிலுள்ள கணக்கு அதைக் காட்டப் போதாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிறகு வந்த ஆய்வாளர்கள் சிலர், அப்படி ஒன்று உண்டு, ஆனால் மிகச் சிறிது, இன்னாரிடம் உண்டு என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாத அளவு சிறிது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஏன் இப்படி? முன்னே சொன்ன கணக்கை இங்கே எடுப்போம். ஆயிரத்துக்கு 300 எடுக்கும் நல்ல ஆட்டக்காரர், எந்த நடுக்கமும் இல்லாமலேயே, 25 முறையில் ஐந்து அல்லது அதற்கும் குறைவாக அடிப்பது ஐந்து தொடருக்கு ஏறத்தாழ ஒரு தொடரில் நேரக்கூடியதே. பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால், கைதேர்ந்த வெட்டுக்காரரின் வாளியும் பாதிதான் நிறையும். அன்றைய நிறையை மட்டும் பார்த்து, இவருக்கு மரம் வெட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஒரு மாத நிறையைப் பார், ஓராண்டு நிறையைப் பார் என்றுதானே சொல்வோம்! மேலும், உலகத் தொடரில் எதிரே நிற்பவர்கள் நாட்டிலேயே மிகச் சிறந்த வீச்சாளர்கள். கூட்டத்தைக் கண்டு உண்மையிலேயே நடுங்குகிறவர்களோ, அந்த மேடைக்கு வந்து சேருமுன்பே பெரும்பாலும் விலகிப்போயிருப்பார்கள்.

இதற்கு டேவ் வின்ஃபீல்ட் ஒரு நல்ல சான்று. 1981-ஆம் ஆண்டு உலகத் தொடரில் யாங்கீஸ் அணிக்காக 22 முறை மட்டை பிடித்து ஒரே முறைதான் வெற்றி கண்டார். 1985-இல், பருவத்தின் தொடக்கக் காலத்தில் மட்டும் ஆடும் ஆள் என்னும் கருத்தில், அவருடைய அணியின் உரிமையாளரே அவரைத் ‘திருவாளர் மே’ என்று பலர் அறியக் கேலி செய்தார். 1992 அக்டோபர் 24-ஆம் நாள், 41 வயதில், டொரோண்டோ அணிக்காக ஆறாவது ஆட்டத்தின் பதினொன்றாவது சுற்றில் அவர் அடித்த ஓர் அடி இரண்டு ஓட்டங்களைத் தந்தது. கனடா நாட்டு அணி ஒன்று முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. கேலிப் பெயர் அன்றோடு மங்கிப் போயிற்று. ஆனால், அந்தத் தொடரிலும் அவர் 22-க்கு ஐந்துதான் அடித்திருந்தார். அவருடைய பெயரைக் காப்பாற்றியது அந்த ஓர் அடி. அது கிட்டாமல் போயிருந்தால், அவர் திறமை குறைந்தவராகிவிடுவாரா?

ஆகவே, இந்த நெடிய வாதம் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. பெரிய நாள் என்பது உண்மை. அன்று கிடைக்கும் வெற்றியின் மகிழ்ச்சியும், தோல்வியின் வலியும் உண்மை. ஜாக்சனின் அந்த மூன்று அடிகளை எந்தக் கணக்கும் அழித்துவிட முடியாது. ஆனால், ஒரு நாளில் நடந்ததைக் கொண்டு ஒரு மனிதர் இப்படிப்பட்டவர் என்று தீர்ப்பு எழுதிவிடுவது சரியன்று.

நம் வீடுகளிலும் பெரிய நாள்கள் வருகின்றன. தேர்வு நாள், வேலைக்கான நேர்முகப் பேட்டி, பள்ளி விளையாட்டுப் போட்டி. ஆண்டு முழுவதும் நன்கு படித்த பிள்ளை அன்று ஒரு நாள் தவறிவிட்டால், பயந்தாங்கொள்ளி, உதவாக்கரை என்னும் சொற்கள் சட்டென்று நம் வாயில் வந்துவிடுகின்றன. அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் உரிப்பது கடினம். பிள்ளைக்கு அடுத்த வாய்ப்பைக் கொடுப்பதும், அதுவரை அதன் பக்கத்தில் நிற்பதும் பெரியவர்களின் கடமை.

கில் ஹாட்ஜஸ் 1972-இல் காலமானார். பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவருக்கு 2022-ஆம் ஆண்டில்தான் இடம் கிடைத்தது. புரூக்ளின் மக்களோ அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 21 முறை தவறியவரை ஏளனம் செய்யாமல், அவர் மீண்டு வரும்வரை பொறுத்திருந்தார்கள். அந்தப் பொறுமையை நாமும் பழகிக்கொள்வோமாக.