ஏரிக்குக் கன அடி, நெல்லுக்குக் கிலோ: ஏன்?

பூந்தமல்லிக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் ஏரிகளுள் ஒன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் இதன் கணக்கு நாள்தோறும் இடம்பெறும். முழு ஆழம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இத்தனை டன் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு சென்றால், அங்கே கன அடிக்கு வேலையில்லை. தராசுதான் பேசும், கணக்கு கிலோவில்தான்.

நம் பாட்டனார் காலத்தில் இந்த வேற்றுமை இல்லை. நீரைப் போலவே நெல்லும் கொள்ளும் இடத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. நெல் தராசுக்கு மாறியது, நீர் மாறவில்லை. இதற்குக் காரணம் என்ன? விடை, அடர்த்தி என்னும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளது.

அடர்த்தி என்பது என்ன?

ஒரு பொருளின் நிறையை அதன் பருமனால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஏறக்குறைய ஒரு கிலோ. அதே இடத்தை இரும்பு அடைத்தால் நிறை 7.8 கிலோ; தேங்காய் எண்ணெய் அடைத்தால் 920 கிராம்; மண்ணெண்ணெய் அடைத்தால் சுமார் 800 கிராம். எண்ணெய் கையில் கொழகொழவென்று இருப்பதால் அது தண்ணீரைவிடக் கனமானது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கொழகொழப்பு வேறு, அடர்த்தி வேறு. கொழகொழப்பான எண்ணெய்தான் தண்ணீரின் மேல் மிதக்கிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் மிதத்தல் விதியைக் கண்டார். நம் நாட்டைப் பற்றி விரிவாக எழுதிய அறிஞர் அல்பிரூனி, பதினோராம் நூற்றாண்டில் இதை ஓர் அளவீட்டுக் கலையாகவே வளர்த்தார். மூக்கு வைத்த கூம்புக் குடுவையில் நீரை நிரப்பி, மணிக்கற்களையும் உலோகங்களையும் அதில் இட்டு, மூக்கின் வழியே வழிந்த நீரை நிறுத்தார். பொருளின் நிறையை வழிந்த நீரின் நிறையோடு ஒப்பிட்டால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும்.

நம் உழவர்களும் இந்த அறிவைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் ஒரு கோழிமுட்டையை இட்டு, அது மேலே எழும்வரை உப்பைக் கரைக்கிறார்கள். பிறகு அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டுகிறார்கள். பால் பிடித்துத் திரண்ட மணிகள் அமிழும். பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். மிதப்பதை நீக்கிவிட்டு, அமிழ்ந்ததை நல்ல தண்ணீரில் கழுவி விதைக்கிறார்கள். முட்டைதான் இங்கே அடர்த்திமானி!

மரக்காலின் கதை

சென்னை வட்டாரத்தில் எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், நானூறு மரக்கால் ஒரு கரிசை. ஊருக்கு ஊர் மரக்காலின் அளவு வேறுபட்டதால், 1846இல் சென்னை மாகாணத்தில் ஒரு மரக்கால் 800 கன அங்குலம் என்று வரையறுக்கப்பட்டது. அதன்படி ஒரு படி 100 கன அங்குலம். இன்றைய கணக்கில் 1.64 லிட்டர்.

பாத்திரத்தின் அளவை அரசு உறுதி செய்துவிட்டது. அதனுள் இருக்கும் நெல்லின் நிறையை உறுதி செய்ய முடிந்ததா? முடியவில்லை. தனி நெல்மணி தண்ணீரில் அமிழும். ஆகவே அதன் அடர்த்தி நீரைவிட மிகுதி. ஆனால் ஒரு லிட்டர் நெல்லை நிறுத்துப் பார்த்தால் 600 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். படியில் ஏறத்தாழப் பாதி இடத்தை மணிகளுக்கு இடையேயுள்ள காற்று பிடித்துக்கொள்கிறது. மணியின் அடர்த்தி ஒன்று, குவியலின் அடர்த்தி வேறொன்று.

இந்தக் காற்றுதான் சூதுக்கு இடம் கொடுத்தது. மெல்லச் சரித்து ஊற்றினால் மணிகள் தளர்வாக நிற்கும். உயரத்திலிருந்து கொட்டிப் பாத்திரத்தைக் குலுக்கினால், அதே மரக்கால் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுதல் நெல்லை விழுங்கும். தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, கோபுரமாகக் குவித்தால் வேறொரு கணக்கு. குத்தகை வாங்கும்போது குலுக்கி அளந்து, கூலி கொடுக்கும்போது தளர அளந்தால், ஒரே மரக்காலே இரண்டு மரக்கால் ஆகிவிடும்.

1940களில் தஞ்சை வட்டாரத்து விவசாயிகள் இயக்கத்தின் கோரிக்கைகளுள் முத்திரை மரக்கால் ஒன்று. அரசு முத்திரையிட்ட மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பது அதன் பொருள். நியாயமான கோரிக்கை. ஆயினும் முத்திரை பாத்திரத்தைத்தான் கட்டுப்படுத்தும். அளப்பவரின் கையைக் கட்டுப்படுத்தாது. அடர்த்தி அவர் கையில் இருந்தது.

எடை, அளவைத் தரச் சட்டம் 1956இல் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்து, 1962 ஏப்ரலில் கட்டாயமாயின. எனினும் படி மக்கள் நாவிலிருந்து இறங்கவில்லை. 1967 தேர்தலில் ஒலித்த வாக்குறுதி, ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்பதுதான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பின்னணியாக இருந்த கூலிப் போராட்டத்தில் கேட்கப்பட்டது, அரைப்படி நெல் கூடுதல். அளவை என்பது வெறும் ஏட்டுக் கணக்கன்று, அது வயிற்றுக் கணக்கு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தராசு குலுக்கலுக்கு மயங்காது. மணிகளுக்கு நடுவே காற்று கூடினாலும் குறைந்தாலும் அது காட்டும் நிறை மாறாது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. நெல்லில் ஏறிய ஈரத்தையும் அது நெல்லென்றே நிறுக்கும். அதனால்தான் கொள்முதல் நிலையத்தில் தராசின் அருகே ஈரப்பதமானியும் இருக்கிறது. 17 விழுக்காடு ஈரம் என்பது வழக்கமான வரம்பு.

நீர் ஏன் மாறவில்லை?

நீரில் காற்றிடைவெளி கிடையாது. குலுக்கினாலும் உயரத்திலிருந்து ஊற்றினாலும் ஒரு லிட்டர் ஒரு லிட்டர்தான். இந்த நேர்மையை நம்பியே பிரெஞ்சு அறிஞர்கள் 1790களில் கிலோகிராமை நீரைக் கொண்டு வரையறுத்தனர். 4 பாகை செல்சியசில் நீரின் அடர்த்தி உச்சத்தில் இருக்கும். 30 பாகையில் ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோவுக்குப் பதில் 995.7 கிலோ இருக்கும். குறைவு அரை விழுக்காடுகூட இல்லை. ஆகவே நீரின் பருமனைச் சொன்னாலே நிறையையும் சொன்னதாகிவிடுகிறது.

ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்படியானால் நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் சுமார் 10.3 கோடி டன்! 24 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏழு டன்னுக்கு மேற்பட்ட நீர் அழுத்துகிறது.

இக்கணக்கு தெரிந்தால் வெள்ளச் செய்தியின் பொருளும் விளங்கும். 2015 டிசம்பர் 1 அன்று இந்த ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. டன்னாக மாற்றினால் வினாடிக்கு 820 டன். அதாவது ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ இருநூறு யானைகளின் எடை அடையாற்றில் இறங்கியது. நீரின் அடர்த்தி காற்றைப் போல் 800 மடங்குக்கு மேல். ஆகவே அதே வேகத்தில் வரும் காற்றைவிட நீர் 800 மடங்குக்கு மேலான விசையுடன் தள்ளும். முழங்காலளவு ஓட்டம் ஆளைச் சாய்ப்பது இதனால்தான்.

அந்த வெள்ளத்தில் கார்கள் மிதந்ததும் அடர்த்தியின் வேலையே. ஒரு டன் எடையுள்ள சிறிய கார் ஒரு கன மீட்டர் நீரை விலக்கினால் மிதக்கும். அதன் அடிப்பரப்பு சுமார் ஐந்து சதுர மீட்டர். எனவே அடித்தட்டுக்கு மேல் 20 சென்டிமீட்டர் நீர் ஏறினாலே போதும், சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பத் தொடங்கும். கார் இரும்பால் ஆனதுதான். ஆனால் அதன் உள்ளே பெரும்பகுதி காற்று. மரக்கால் நெல்லில் ஒளிந்திருந்த அதே காற்று!

மரக்கால் இன்னும் மறையவில்லை

வீடு கட்டுவோர் மணலை யூனிட் கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது பருமன். சற்றே ஈரமான மணலில் மணிகளைச் சுற்றிப் படியும் நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்துவதால், மணல் 20 முதல் 30 விழுக்காடு வரை உப்பிவிடும். ஈரமணல் லாரி நிரம்பித் தெரிந்தாலும் உள்ளே மணல் குறைவு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் ஈரமணலைத் தளர நிரப்பி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணலை வெளியே கொட்டிவிட்டுக் குவளையில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, அதே மணலைச் சிறிது சிறிதாக இட்டுக் கிளறுங்கள். நீர் முழுதும் சூழ்ந்ததும் படலத்தின் பிடி விட்டு மணல் கீழே அமரும். இரண்டு உயரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அமர்ந்த உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால், உப்பிய விழுக்காடு கிடைக்கும். அத்தனை விழுக்காட்டுக்கு மணலின்றி வெறும் இடத்திற்கே விலை கொடுக்கிறோம் என்று பொருள். எதையும் படியால் அளந்து தருகிறார்கள் என்றால், அதன் அடர்த்தி யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.