ஒற்றி: முதலும் விளைவும்

நிலத்தையோ மனையையோ வருவாய்க்கு முதலாகக் கொள்வோன் இருவேறு கருமங்களை ஆற்றவேண்டியவனாகின்றான். ஒன்று பணந்தேடல், மற்றையது ஆதனத்தைப் பேணிப் பயன்பெறல். இவ்விரண்டையும் ஒரே உடன்படிக்கையில் அடக்கியது நம் முன்னோர் கைக்கொண்ட ஒற்றி முறையாகும்.

ஒற்றியாவது யாது? கடன்பட்டோன் தன் காணியைக் கடன்கொடுத்தோன் வசம் ஒப்புவிப்பான். அவன் அதனைத் தானே பயிரிட்டோ வாரத்துக்கு விட்டோ, வரும் விளைவை வட்டிக்கு ஈடாக நுகர்வான். முதல் திருப்பிக் கொடுக்கப்பட்டதும் காணி உரியவனை அடையும். சாதாரண ஈட்டிலோ காணி உரியவன் கையிலிருக்க, வட்டி தனியே வளரும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், தேசாதிபதி சைமன்சின் பணிப்பின்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் நிறைவேற்றிய தேசவழமைத் தொகுப்பில் ஒற்றி இடம்பெற்றுள்ளது. அத்தொகுப்பு தமிழிற் பெயர்க்கப்பட்டு, முதலிமார் பன்னிருவரால் ஆராயப்பட்டது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். மீட்குங் காலத்தை அது பயிர்ப் பருவத்தோடு இணைத்திருத்தல் கவனிக்கற்பாலது. உழுது விதைத்தவன் விளைவை இழத்தலாகாது என்பதே அதன் கருத்தாகும்.

இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. உரோமச் சட்டமும் இத்தகைய ஈட்டை அறிந்திருந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றி வீட்டிற் குடியிருந்து, வெளியேறுங்கால் அத்தொகையைத் திரும்பப் பெறுதலை ஒத்தி என்றும் போக்கியம் என்றும் வழங்குவர். கொரியாவின் சொன்சே முறையும் இதனை ஒத்ததே.

தேசவழமை யாழ்ப்பாணத்தில் தொகுக்கப்பட்டதாயினும், ஒற்றியின் இயல்பை வன்னியின் குளத்து வயல்களோடு பொருத்திப் பார்த்தல் பயனுடைத்து. நெளுக்குளம் என்னும் ஊர்ப்பெயரே குளத்தைத் தாங்கி நிற்கின்றது. இத்தகைய ஊர்களில் மாரி பொய்த்துக் குளம் வற்றுமாயின் வயல் விளையாது. விளையாத ஆண்டிலும் வட்டிக்காரன் தன் வட்டியைக் கேட்பான். ஒற்றி கொண்டவனோ அவ்வாண்டு வெறுங்கையனாவான். கடன்பட்டோனின் கடன் ஒரு சதமேனும் ஏறாது. இவ்வாறு மழையின் நட்டத்தைப் பணமுடையோனும் ஏற்குமாறு செய்ததே இம்முறையின் சிறப்பு.

எனினும் குறையும் உண்டு. எத்துணை ஆண்டுகள் விளைவை நுகர்ந்தாலும் முதல் குறைவதில்லை. ஆயிரம் ரூபாவுக்கு ஒற்றி வைத்தவன் இருபது ஆண்டுகள் கழிந்தும் ஆயிரமே கடன்பட்டவன். வருவாய் தரும் காணி கையில் இல்லாதவன் அப்பணத்தை எங்ஙனம் தேடுவான்? ஆகவே, மீட்கும் உரிமை இருந்தும் மீட்க வழியற்ற நிலை தோன்றலாயிற்று. கடனாற் காணியிழத்தலைத் தடுக்கவே, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியானவர்க்கு வழங்கப்பட்ட அரச காணிகளை ஈடுவைத்தலையும் குத்தகைக்கு விடுதலையும் கட்டுப்படுத்திற்று. அதனாற் காணி காக்கப்பட்டது. ஆயின் அதனைப் பிணையாகக் காட்டிக் கடன்பெறும் வழியும் குறுகிற்று.

இன்று வவுனியாச் சூழலில் வங்கிக்கடன் பெற்று வீடுகட்டி வாடகைக்கு விட எண்ணுவோனும் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றை அறியலாம். வீடு குடியின்றிக் கிடக்கும் மாதத்திலும் கடன்தவணை நில்லாது; அந்நட்டம் முழுவதும் அவனையே சாரும். ஆதலின் முழு ஆண்டு வாடகையையும் வருவாயெனக் கணக்கிடாது, வெறுமையாகக் கிடக்கும் மாதங்களையும் பழுதுபார்க்கும் செலவையும் முதலிற் கழித்து, எஞ்சுவதற்கு அமையவே கடன்படுதல் அறிவுடைமையாம்.