காரைதீவை ஆம்ஸ்டர்டாம் ஆக்கின வரைபடம்

ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாண வரைபடம் ஒன்றை ஃபோனில் பெரிசாக்கிப் பார்த்தபோது எங்களுக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். காரைதீவு இருக்கவேண்டிய இடத்தில் ஆம்ஸ்டர்டாம். வேலணை இருக்கவேண்டிய இடத்தில் லைடன். புங்குடுதீவுக்குப் பெயர் மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். "அப்ப எங்கட அம்மம்மா ஆம்ஸ்டர்டாம்காரி" என்று ஒருத்தர் சொல்ல, கொஞ்ச நேரம் அதை வைத்தே பகிடி ஓடினது.

பகிடி முடிந்த பிறகு ஒரு கேள்வி மட்டும் மிச்சமாக நின்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு அண்ணளவாக ஆண்டவர்கள் வைத்த பெயர்கள் இவை. வரைபடத்தில் ஏறின, கடிதங்களில் எழுதப்பட்ட பெயர்கள். அப்படியிருந்தும் இன்றைக்கு காரைநகரில் போய் ஆம்ஸ்டர்டாம் எது என்று கேட்டால் ஆருக்கும் விளங்காது. அப்படி ஏன் போனது?

முதலில் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். 1656 மே மாதம் கொழும்பு போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. இரண்டு வருசம் கழித்து, 1658இல், யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. வந்தது ஒரு அரசன் இல்லை, ஒரு கம்பனி. 1602இல் பங்குதாரர்களின் காசில் தொடங்கின ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. அதற்கு ஆறு நகரங்களில் கிளைகள் இருந்தன: ஆம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹவுசன். மேலே சொன்ன ஐந்து தீவுகளில் மூன்றின் பெயர் இந்தப் பட்டியலிலேயே இருக்கு. புதுசாக வாங்கின கடைக்கு முதலாளி தன்ர பிள்ளைகளின் பெயரை வைக்கிறது போலத்தான்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை ஐரோப்பாவுக்குக் காட்டின முக்கியமான புத்தகம் பிலிப்பஸ் பல்டேயஸ் என்ற பாதிரியாருடையது. 1632இல் டெல்ஃப்ட் நகரத்தில் பிறந்தவர். 1665 வரை யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார். மலபார், கோரமண்டல் கரைகளையும் இலங்கையையும் பற்றி அவர் எழுதின பெரிய புத்தகம், வரைபடங்களோடும் படங்களோடும் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஒல்லாந்த மொழியில் மட்டுமில்லை, அதே வருசம் ஜேர்மன் மொழியிலும் வந்தது. பிறகு வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த ஜேர்மன் பதிப்பிலிருந்து செய்யப்பட்டது.

இந்தப் பாதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. ஒரு ஊர்ச்சனம் "வலிகாமம்" என்று சொல்லுது. ஒல்லாந்தர் காதில் விழுந்தபடி எழுதினம். அது ஜேர்மனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது "பெல்லிகம்மே" மாதிரி ஏதோ ஒன்றாகி நிக்குது. இத்தனைக்கும் பல்டேயஸ் தமிழைக் கணக்கில் எடுக்காத ஆள் இல்லை. தமிழ் எழுத்துகளையும் சின்னதொரு இலக்கணக் குறிப்பையும் அதே புத்தகத்தில் சேர்த்திருக்கிறார். தமிழை அச்சில் ஏற்றின அவருடைய ஆட்கள்தான் தீவுகளுக்கு ஒல்லாந்துப் பெயரும் வைத்தார்கள்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடலுக்குள் நிக்கிற கோட்டையின் கதை இன்னும் சுவாரசியம். போர்த்துக்கீசர் கட்டினதை ஒல்லாந்தர் பிடித்து ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பன்றித்தொடையின் குதிக்கால் என்று அர்த்தம். வரைபடத்தில் இலங்கை அவர்களுக்கு உப்புப் போட்டுப் பதப்படுத்தின பன்றித்தொடை மாதிரித் தெரிந்ததாம். எங்களுக்கு மாங்காயாகவும் கண்ணீர்த்துளியாகவும் தெரிகிற தீவு, அவர்களுக்குச் சாப்பாட்டு மேசையாகத் தெரிந்திருக்கு. அந்தப் பெயர், கடலில் நிண்டு பார்த்து வைத்தது இல்லை. கடதாசியைப் பார்த்து வைத்தது.

அப்படியென்றால் ஒல்லாந்தரிடமிருந்து எங்கட சனம் ஒன்றையுமே எடுக்கவில்லையா? எடுத்தார்கள். "கந்தோர்" ஒல்லாந்தச் சொல். "கக்கூசு" ஒல்லாந்தச் சொல். எங்கட தாத்தாமார் வேலைக்குப் போனது கந்தோருக்குத்தான். வீட்டில் முன்னம் இல்லாத ஒன்று, ஊரில் முன்னம் இல்லாத ஒன்று வந்தபோது அதின்ர பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். தீவுகளுக்கு அந்தத் தேவை இல்லை. அவற்றுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. தோணிக்காரரும் தோட்டக்காரரும் நாளுக்குப் பத்துத் தரம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கொழும்பிலும் இதே கதைதான். நீதிமன்றங்கள் இருக்கிற ஹல்ஸ்டொர்ப், 1656 கொழும்பு முற்றுகையில் செத்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் வந்தது. ஆனால் வழக்குக்குப் போகிற எங்கட ஆட்கள் "புதுக்கடைக்குப் போறன்" என்றுதான் சொல்லுவினம். சிங்களத்திலும் அது அளுத்கடே, அதே அர்த்தம். களனி ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம் ஆங்கிலத்தில் மட்வல் ஆனது. கொட்டாஞ்சேனைப் பக்கம், 1757இல் கட்டி முடித்த ஒல்லாந்தத் தேவாலயத்தின் பெயர் வுல்வெண்டால், அதாவது ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாயே இல்லை. நரியைக் கண்டு ஓநாய் என்று நினைத்துவிட்டார்கள் என்று சொல்லுவார்கள். பிழையாக வைத்த பெயர் என்றாலும் அது நிலைத்துவிட்டது, ஏனென்றால் அந்தக் கட்டடம் அவர்கள் கொண்டுவந்தது.

இதற்கு விதிவிலக்காக நிக்கிறது டெல்ஃப்ட். மற்றத் தீவுகளின் ஒல்லாந்துப் பெயர்கள் மறைய, அது மட்டும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் அரசாங்கப் பெயராக இருக்கு. பிரதேச செயலகத்தின் பெயரே ஆங்கிலத்தில் அதுதான், தமிழில் நெடுந்தீவு. ஆக, ஒரு பெயர் உயிரோடு இருக்க இரண்டு இடம் இருக்கு: ஒன்று கந்தோர், மற்றது சனத்தின்ர வாய். டெல்ஃப்ட் கந்தோரில் பிழைத்தது. நெடுந்தீவு வாயில் பிழைத்தது.

இதில் இன்னொரு விசயமும் இருக்கு. வரைபடத்தில் ஆம்ஸ்டர்டாம் என்று எழுதின அதே கம்பனி, தோம்பு என்ற பதிவேட்டையும் வைத்திருந்தது. ஆருடைய காணி, எவ்வளவு, என்ன வரி என்று எழுதிவைத்த ஏடு. அங்கே ஒல்லாந்து நகரங்களின் பெயர் உதவாது. வரி வாங்குகிறவனுக்கு உண்மையான ஊரும் உண்மையான ஆளும் தெரியவேண்டும். ஐரோப்பாவில் படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பெயர், காசு கட்டுகிற சனத்துக்கு இன்னொரு பெயர்.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட எங்களால் முடியவில்லை. புங்குடுதீவிலும் வேலணையிலும் இருந்து புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கடை போட வந்த குடும்பங்களின் பிள்ளைகள், 90க்குப் பிறகு இடம்பெயர்ந்து வெள்ளவத்தை அடுக்குமாடிகளுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எங்களுக்குள் இருக்கிறார்கள். எங்கட முகவரி ஒரு இலக்கம்: கொழும்பு 6, கொழும்பு 13. புதுக்கடை என்ற சொல்லே எங்களில் சிலருக்கு இந்தக் கட்டுரைக்காகத் தேடினபோதுதான் தெரியவந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு நடந்தது முகத்துவாரத்துக்கும் நடக்கலாம். அதுக்கு எந்தக் கம்பனியும் வரத் தேவையில்லை, நாங்கள் சொல்லாமல் விட்டாலே போதும்.

ஊரில் ஒவ்வொரு காணிக்கும் பெயர் இருக்கு. உறுதியில் அந்தப் பெயரை எழுதி, எத்தனை பரப்பு, கிழக்கே ஆர், மேற்கே ஆர் என்று எல்லை சொல்லுவார்கள். வலிகாமம் வடக்கு போன்ற இடங்களில் கன வருசத்துக்குப் பிறகு திரும்பிப்போனவர்களுக்கு வேலியும் இல்லை, கிணற்றடியும் அடையாளம் தெரியவில்லை. அப்படியான நேரத்தில் உறுதியும், "இந்தப் பனைக்கு அங்கால எங்கட காணி, இதின்ர பேர் இது" என்று சொல்லக்கூடிய ஒரு கிழவியும்தான் உதவி. கூகுள் வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. பல்டேயஸின் வரைபடத்திலும் இல்லை.

அதனால் எங்களுக்குள் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். வீட்டில் இருக்கிற மூத்தவர்களிடம் காணிப் பெயர், ஒழுங்கைப் பெயர், குளத்தின் பெயர், குளிக்கப் போன துறையின் பெயர் எல்லாம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே குரலைப் பதிந்து வைக்கிறோம். எழுத்தில் போட்டால் உச்சரிப்புப் போய்விடும், ஜேர்மன் பதிப்பில் வலிகாமத்துக்கு நடந்தது மாதிரி. கூடவே ஒரு கடதாசியில் அவர்களையே படம் கீறச் சொல்கிறோம். அளவுப் பிரமாணம் இருக்காது, வடக்கு எது என்றும் தெரியாது. ஆனால் ஆலமரமும் கோயிலும் கிணறும் ஆர் வீட்டுக்குப் பக்கத்தில் ஆர் வீடு என்பதும் இருக்கும்.

நீங்களும் இண்டைக்கு இரவு சாப்பிடேக்க ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ: "அம்மம்மா, எங்கட காணிக்கு என்ன பேர்?"